பத்திரிகைல அடிச்ச கியூஆர் கோடும் 19 தடவ திருத்துன உபயதாரர் லிஸ்டும்

வலங்கைமான் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சிட்டா பிரிண்ட், எல்லாம் ஓடும். கியூஆர் கோடு போடறதுல நான் என்னென்ன சொதப்பினேன், எப்புடி சரி பண்ணேன்னு எழுதலாம்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். இப்ப குறுவை அறுப்பு நேரம், கடைல கூட்டம் கம்மி, அதான் உக்காந்து தட்டிட்டிருக்கேன்.

போன வருஷம் ஆவணில பக்கத்து ஊர்ல ஒரு கும்பாபிஷேகம். கும்பாபிஷேகப் பத்திரிகை அடிச்சவங்களுக்குத் தெரியும், அதுல கஷ்டமான வேலை யாகசாலை நேரமோ லக்னமோ இல்ல, அதெல்லாம் குருக்கள் எழுதிக் குடுத்துருவாரு, மாறாது. மாறிக்கிட்டே இருக்கறது உபயதாரர் லிஸ்டு. யாரு பேரு முன்னாடி, யாரு இனிஷியல் விட்டுப்போச்சு, மூத்தவன் பேரப் போட்டுட்டு எளையவன விட்டுட்டீங்களே, இதுலயே ஒரு மாசம் ஓடிரும். பத்திரிகை அச்சுக்குப் போன அன்னைக்கு சாயங்காலம்தான் சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தரு பணம் அனுப்புவாரு. கமிட்டி செயலாளர் ரிட்டயர்டு வாத்தியார், அவருதான் கேட்டாரு, "ஏன் தம்பி, பத்திரிகைல முக்கியமானத மட்டும் போட்டுட்டு லிஸ்ட கியூஆர் கோடுல வச்சிட்டா என்ன, அப்பறம் வர்றவங்கள அப்பப்ப சேத்துக்கலாமுல்ல?" நல்ல யோசனதான். இன்னைக்கும் நல்ல யோசனன்னுதான் சொல்லுவேன். நான் செஞ்ச விதம்தான் தப்பு.

முதல்ல அவரு நெனச்சது, 212 பேரையும் அந்தக் கோடுக்குள்ளயே போட்டுரலாம்னு. சரி பாப்போம்னு நானும் முயற்சி பண்ணேன், ஏத்துக்கவே இல்ல. கியூஆர் கோடுல எவ்வளவு பெருசா போட்டாலும் 2,953 பைட்டுதான் கொள்ளும். இங்கிலீஷ் எழுத்துன்னா ஒண்ணுக்கு ஒரு பைட்டு, தமிழ்ல 'க'ன்னா மூணு, 'கோ'ன்னா கொம்பு காலுக்குத் தனியா இன்னொரு மூணு, ஆக ஆறு. 'கோவிந்தராஜன்'னு ஒரு பேரு எழுதுனாலே முப்பது பைட்டு தாண்டிரும். பேரு, ஊரு, தொகைன்னு போட்டா முப்பது நாப்பது பேருக்கு மேல ஏறாது. அந்த முப்பது பேர மட்டும் போட்டுப் பாத்தேன், பாயில எள்ளு கொட்டுனாப்புல ஒரு கட்டம் வந்துச்சு, சின்ன சைஸ்ல அடிச்சா எந்த ஃபோனும் படிக்கல. அப்படியே படிச்சாலும் அச்சடிச்சப்பறம் ஒரு எழுத்து கூட மாத்த முடியாதே, அப்பறம் எதுக்கு?

இதுதான் முதல்ல மண்டைல ஏறணும். கியூஆர் கோடுங்கறது 1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் கம்பெனிக்காரங்க கார் பாகங்கள அடையாளம் வைக்கறதுக்காகக் கண்டுபிடிச்ச கட்டம், அவ்வளவுதான். அதுக்குள்ள என்ன எழுதிருக்கோ அதத்தான் திருப்பிச் சொல்லும். அதுக்கு நெட்டும் தெரியாது ஒண்ணும் தெரியாது. நாம உள்ள எழுதறது ஒரு முகவரி. முகவரி மாறாது, அந்த வீட்டுக்குள்ள இருக்கற சாமான மாத்திக்கலாம். அப்ப நம்ம கவனம் பூரா அந்த முகவரி மேலதான இருக்கணும்? எனக்கு அப்ப அது புரியல, நான் படத்தோட அழகப் பாத்துட்டிருந்தேன்.

லிஸ்ட பிடிஎஃப் ஆக்கி கூகுள் டிரைவ்ல ஏத்தி, அந்த லிங்க்க கியூஆர் ஆக்கி, 1,500 பத்திரிகை அடிச்சாச்சு. என் ஃபோன்ல ஸ்கேன் பண்ணேன், திறந்துச்சு. வாத்தியார் வீட்டுக்கு பண்டில் பண்டிலா போயிருச்சு.

அன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு மேல என் மெயில் டிங் டிங்குன்னு அடிக்க ஆரம்பிச்சிச்சு. யாரோ ஒருத்தரு "அணுகல் கேட்கிறார்"னு. ஒண்ணு, ரெண்டு, பதினாலு. விஷயம் என்னன்னா டிரைவ்ல ஒரு ஃபைல ஏத்துனா அது நமக்கு மட்டும்தான் திறக்கும், 'லிங்க் இருக்கற யாரு வேணாலும் பாக்கலாம்'னு நாமதான் மாத்தணும். என் ஃபோன் என் அக்கவுண்ட்ல இருக்கறதால எனக்கு ஒழுங்கா திறந்துச்சு. அதனால எந்தக் கோடு அடிச்சாலும் இப்ப எங்க கடை டீ பையன் ஃபோன்லதான் சோதன. அவன்கிட்ட ஓரம் ஒடஞ்ச ஒரு பழைய ஃபோன், கேமரா மேல ஒரு கீறல், அதுல திறந்துச்சுன்னா எல்லாத்துலயும் திறக்கும். வைஃபைய அணைச்சிட்டு மொபைல் டேட்டால பாக்கணும், அதயும் சேத்துக்குங்க. எட்டு எம்பி பிடிஎஃப் கடைல சட்டுனு வரும், ஆத்தோரத்துல ஒரு கோடு சிக்னல்ல நின்னுட்டு இருக்கறவனுக்கு வராது. அதுக்கப்பறம் லிஸ்டு 300 கேபிக்கு மேல போகாம பாத்துக்கறேன்.

சரி, அனுமதிய மாத்தினேன், அது தீந்துச்சு. பத்து நாள் கழிச்சு புதுசா 31 பேரு. நான் என்ன பண்ணேன், புது பிடிஎஃப் ஒண்ணு போட்டு அதே பேரு வச்சு 'புதுசு'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல ஏத்துனேன். பேரு ஒண்ணுதானே, லிங்க் தானா புதுசுக்குப் போயிரும்னு நெனப்பு. ஸ்கேன் பண்ணா பழசுதான் வருது. சரி பழசு குறுக்க நிக்குது போலன்னு பழச டெலிட் பண்ணிட்டேன்.

மறுநாள் காலைல ஏழு மணி, ஷட்டர் கூட முழுசா தூக்கல, ஃபோனு. சிங்கப்பூர் நம்பரு. "தம்பி, அம்பதாயிரம் குடுத்துருக்கேன், என் பேரு எங்க? எங்க பங்காளி ஐநூறு ரூபா குடுத்துட்டு மொதப் பக்கத்துல இருந்தானாம், இப்ப லிஸ்டே இல்லங்கறான், என்னா கணக்கு இது?" அவரு பேரு புது லிஸ்டுல அஞ்சாவதா இருக்குன்னு நான் சொல்றேன், அவரு நம்பணுமே. "அப்ப நான் பாக்கறப்ப ஏன் வல்ல"ங்கறாரு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஊர்ல அதுக்குள்ள கமிட்டி அவரு பேர எடுத்துட்டதா ஒரு பேச்சு கிளம்பி, வாத்தியார் சைக்கிள்ல மூச்சு வாங்க வந்து நிக்கறாரு. 1,500 பத்திரிகைல பாதிக்கு மேல வெத்தல பாக்கோட வீடு வீடாப் போயாச்சு.

தப்பிச்சது எப்புடின்னா, டிரைவ்ல டெலிட் பண்ணது உடனே அழியாது, குப்பைத்தொட்டில 30 நாள் கெடக்கும். அங்கேர்ந்து பழச மீட்டெடுத்தேன், அதே லிங்க்கோட திரும்பி வந்துச்சு. ஏன்னா டிரைவ் லிங்க்குங்கறது ஃபைலோட பேரு இல்ல, அந்த ஃபைலுக்கு டிரைவ் குடுத்துருக்கற ஒரு நீள அடையாள எண்ணு. ஒரே பேருல பத்து ஃபைல் இருந்தாலும் பத்துக்கும் பத்து எண்ணு. பேர மாத்துனாலும் எண்ணு மாறாது, புது ஃபைல்னா எண்ணும் புதுசு. ஊர்ல நாலு முருகேசன் இருந்தா நாலு ஆதார் நம்பர் மாதிரி. அப்பறம் கம்ப்யூட்டர்ல அந்த ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணி, ஃபைல் தகவல்ங்கறதுக்குள்ள 'பதிப்புகளை நிர்வகி'ன்னு ஒண்ணு இருக்கு, அதுல புது பிடிஎஃப ஏத்துனேன். எண்ணு அதே, லிங்க் அதே, உள்ள இருக்கறது புதுசு. 1,500 பத்திரிகையும் உயிர் வந்துருச்சு. அதே ஃபோல்டர்ல அதே பேருல ஏத்திருந்தா பிரவுசர்லயே 'பழசுக்குப் பதிலா மாத்தவா, ரெண்டையும் வச்சிக்கவா'ன்னு கேட்டுருக்கும், நான்தான் மேதாவித்தனமா தனி ஃபோல்டர் போட்டேன். ஒரு விஷயம், பழைய பதிப்ப அது எப்பவும் வச்சிருக்காது, 30 நாள் ஆனாலோ 100 பதிப்பு தாண்டுனாலோ போயிரலாம். முக்கியமான பதிப்புன்னா 'எப்போதும் வைத்திரு'ன்னு டிக் பண்ணிக்கணும், இல்லன்னா தனியா ஒரு காப்பி.

கூகுள் டாக்ஸ்ல நேரா டைப் பண்ணிருந்தா இந்தத் தொல்லையே இல்ல, திருத்துன உடனே திறக்கறவங்களுக்கு புதுசுதான். ஆனா தமிழ்ல பத்திரிகை வேலை பாக்கறவங்க இன்னமும் பழைய ஃபாண்டுலதான பொழைக்கிறோம், எல்லா ஃபோன்லயும் தெரியற யூனிகோடு எழுத்துக்கு மாத்தணும், அலங்காரம் பார்டர் எல்லாம் போயிரும், வாத்தியாருக்குப் புள்ளையார் படம் மேல வேணும். அதான் பிடிஎஃப். இப்ப புதுசா ஆரம்பிக்கறதுன்னா யூனிகோடுலயே அடிச்சு டாக்ஸ்ல போடுங்கன்னுதான் சொல்லுவேன்.

இதுக்கு முன்னாடியே இன்னொரு சொதப்பல் உண்டு, அது அறுவடை மிஷின் ஸ்டிக்கர். பெல்ட் மிஷின் ரெண்டும் டயர் மிஷின் ஒண்ணும் வச்சிருக்கற ஒருத்தரு, மணிக்கு என்ன வாடகை, எந்த ஊர்ல எந்தத் தேதில மிஷின் நிக்குதுன்னு போடறதுக்கு மிஷின் பக்கவாட்டுல ஒட்ட ஒரு கோடு கேட்டாரு. டீசல் வெல, ஈரமான வயலு, ரேட்டு சீசனுக்கு சீசன் மாறும். நான் நெட்ல தேடி 'அப்பறமா மாத்திக்கலாம்'னு போட்டுருந்த ஒரு இலவச தளத்துல கோடு எடுத்துக் குடுத்துட்டேன். அது எப்புடி வேலை செய்யுதுன்னா, கோடுக்குள்ள நம்ம முகவரி இருக்காது, அவங்க முகவரி இருக்கும். ஸ்கேன் பண்ணவன் முதல்ல அவங்க வாசலுக்குப் போவான், அவங்க அங்கேர்ந்து நம்ம பக்கத்துக்குத் தள்ளி விடுவாங்க. தள்ளி விடறது அவங்க இஷ்டம். ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கேன் பண்ணா 'இந்தக் கோடு நிறுத்தப்பட்டது, சந்தா கட்டுங்க'ன்னு வருது. தாளடி அறுப்பு உச்சத்துல. இலவசம்னு போட்டதுக்குக் கீழ சின்ன எழுத்துல சோதனைக் காலம்னு போட்டுருந்துச்சு, நான் படிக்கல, என் தப்பு. மூணு மிஷின் ஸ்டிக்கரயும் என் காசுல மாத்திக் குடுத்தேன்.

சின்னக் கம்பெனின்னு இல்ல, பெரிய எடத்த நம்புனாலும் இதே கததான். கூகுளே நடத்துன லிங்க் சுருக்கி ஒண்ணு இருந்துச்சு, 2019ல புதுசா சுருக்கறத நிறுத்துனாங்க, 2024 கடைசில யாரும் தொடாம கெடந்த பழைய லிங்க்கெல்லாம் 2025 ஆகஸ்டோட போச்சு. கல்வெட்டுல அடிச்சு வச்சிருந்தா என்ன பண்ணுவ?

அதனால இப்ப கடை பேருல சொந்தமா ஒரு டொமைன், அதாவது நெட்ல நமக்குன்னு ஒரு முகவரி, வாங்கிட்டேன், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளதான் ஆவுது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதுல ஒரு சின்ன வாசல், கும்பாபிஷேகத்துக்கு ஒண்ணு, மிஷினுக்கு ஒண்ணு. கியூஆர் கோடுல அந்த வாசல்தான் இருக்கும், அங்கேர்ந்து எங்க தள்ளி விடணும்னு முடிவு பண்றது நான். நாளைக்கு டிரைவ் வேணாம், வேற எடத்துல வைக்கறேன்னாலும் அச்சடிச்சத தொட வேணாம். முகவரி சின்னதா இருக்கறதால கட்டமும் பெருசு பெருசா வரும், பழைய ஃபோன்லயும் டக்குனு படிக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்கறத மறந்தா வேற எவனாவது அந்தப் பேர வாங்கிருவான், அப்பறம் கோயில் பத்திரிகைய ஸ்கேன் பண்ணா என்ன வரும்னு சொல்ல முடியாது. அதுக்கு நான் மூணு எடத்துல அலாரம் வச்சிருக்கேன், காலண்டர்லயும் எழுதிருக்கேன்.

இதுலயும் ஒரு தடவ மாட்டுனேன். தள்ளி விடறதுல ரெண்டு வகை, 301ன்னா 'நிரந்தரமா மாறிட்டோம்', 302ன்னா 'தற்காலிகமா'. நான் 301 போட்டுட்டேன். நிரந்தரம்னு சொன்னா ஃபோன் பிரவுசர் அத ஞாபகம் வச்சிக்கிட்டு அடுத்த தடவ என்கிட்ட கேக்காமலே பழைய எடத்துக்குப் போவுது. நான் மாத்தி மாத்திப் பாக்கறேன், மிஷின்காரரு ஃபோன்ல மட்டும் பழைய ரேட்டு. அரை நாள் தல சுத்திருச்சு. மாத்தற எண்ணம் இருந்தா 302தான்.

அச்சு வேலைல கவனிக்க வேண்டியது கொஞ்சம் உண்டு. கோயில்காரங்க குங்குமக் கலர் பட்டைல மஞ்சள்ல கோடு கேப்பாங்க, பாக்க லட்சணமாத்தான் இருக்கும், ஆனா பின்னணி இருட்டா கட்டம் வெளிச்சமா தலகீழா வந்தா சில ஃபோன் படிக்காது. மஞ்சப் பேப்பர்ல கறுப்போ அடர் அரக்கோ போட்டா பிரச்சன இல்ல. கோடச் சுத்தி நாலு பக்கமும் நாலு கட்டம் அளவு வெத்தெடம் விடணும், எங்க பிரஸ்காரரு வாழமரம் பார்டர கோடு மேலயே கொண்டாந்து ஒட்டி வச்சு ஒரு ப்ரூஃப் அனுப்புனாரு, ஸ்கேனே ஆவல. நடுவுல சாமி படம் வைக்கணும்னா பிழை தாங்கற அளவ 'H'ங்கற உச்ச நிலைல வைக்கணும், அது 30 சதவீதம் வரைக்கும் அழிஞ்சாலும் படிக்கும், ஆனா கட்டம் நெறைய ஆயிரும். வெளில தொங்கறதுக்குப் பளபளன்னு லேமினேஷன் போடாதீங்க, உச்சி வெயில்ல கண்ணாடி மாதிரி அடிக்கும். சைசுக்கு நான் வச்சிருக்கற கணக்கு, நிக்கற தூரத்துல பத்துல ஒரு பங்கு, ஒரு மீட்டர் தள்ளி நின்னு எடுக்கணும்னா பத்து சென்டிமீட்டர் கோடு.

அப்பறம் கோடுக்குக் கீழ 'கேமராவில் ஸ்கேன் செய்யவும்'னு எழுதியே ஆவணும். நம்ம ஊர்ல கியூஆர் கோடுன்னாலே பணம் அனுப்பறதுன்னு ஆயிருச்சு, டீக்கடை, பூக்கடை எல்லாத்துலயும் அதான. பத்திரிகைய வச்சு பணம் அனுப்பற ஆப்ல ஸ்கேன் பண்ணிட்டு 'செல்லாத கோடு'ன்னு வருதுன்னு எனக்கே ஃபோன் பண்ணவங்க இருக்காங்க. ஒரு பாட்டி, "லிஸ்டு பாக்கக் காசு கேக்குதாப்பா"ன்னு கேட்டுச்சு.

இத்தன அடி வாங்குனதுக்கு அப்பறம் செஞ்ச போர்டு ஒண்ணு இருக்கு, அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான். எங்க ஊர் விவசாயிங்களுக்கு, கடை வாசல்லயே மாட்டிருக்கேன். நெல் கொள்முதல் நிலையத்துக்கு என்னென்ன எடுத்துட்டுப் போவணும், சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக். ஈரப்பதம் எவ்வளவு வரைக்கும் எடுப்பாங்க. அணை எப்ப திறக்கறாங்க. இதெல்லாம் மாறற சமாச்சாரம். ஈரப்பதம் 17 சதவீதம்னுதான் விதி, ஆனா 2023 பிப்ரவரில பருவம் தப்பி மழ பெஞ்சு நெல்லு நனஞ்சப்ப 20 வரைக்கும் விட்டாங்க. மேட்டூர் ஜூன் 12ன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், 2022ல மே 24ஏ திறந்துட்டாங்க, 2024ல ஜூலை 28தான் திறந்தாங்க. இத ஃபிளெக்ஸ்ல அடிச்சு வச்சா அடுத்த வருஷம் அதுவே பொய் சொல்லும். அதனால போர்டுல கோடு மட்டும், தேதியும் எண்ணும் ஸ்கேன் பண்ணா திறக்கற பக்கத்துல.

ஆனா இங்க ஒண்ணு கத்துக்கிட்டேன், இத யாரும் எனக்குச் சொல்லல. மாத்த முடியுதுங்கறதே ஒரு தொல்ல. ஒருத்தரு திங்கக்கிழம ஸ்கேன் பண்ணி, என்கிட்டயே ரெண்டு ரூபா குடுத்து பிரிண்ட் எடுத்து, மடிச்சு சட்டப் பையில வச்சிட்டாரு. இன்னொருத்தரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டுட்டாரு. புதன்கிழம நான் மாத்திட்டேன். வியாழக்கிழம ரெண்டு பேரும் டீக்கடைல ஆளுக்கொரு தாள வச்சுட்டு சண்ட, ரெண்டுலயும் என் கடை பேரு. யாருது பழசுன்னு எப்புடித் தெரியும்? அன்னைலேர்ந்து ஒவ்வொரு தாளுக்கும் தலைல பெரிய எழுத்துல 'திருத்தம் 4', தேதி, நேரம், அதுக்குக் கீழ ஒரே வரில என்ன மாறுச்சுன்னு. ஒவ்வொரு பக்கத்துலயும். அடில அதே கியூஆர் கோட சின்னதா, 'இது பழசா இருக்கலாம், ஸ்கேன் பண்ணிப் பாத்துக்குங்க'ன்னு. பிரிண்ட் எடுத்து வச்சிருக்கறவரும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிரும். கேள்வி பாதி கொறஞ்சிருச்சு.

இன்னொன்னு, லிங்க் இருக்கற யாரு வேணாலும்னா நெஜமாவே யாரு வேணாலும்தான். கும்பாபிஷேக லிஸ்டுல வாத்தியார் நல்ல எண்ணத்துல எல்லார் ஃபோன் நம்பரும் போட்டுருந்தாரு, ரெண்டு பேருக்கு லோன் வேணுமான்னு ஃபோன் வந்துச்சுன்னு சொன்னாங்க. அதனாலதானான்னு நிரூபிக்க முடியாது, இருந்தாலும் அன்னைக்கே நம்பர் எல்லாத்தயும் எடுத்துட்டேன். மாத்த முடியற லிஸ்டா இருந்ததால அது முடிஞ்சிச்சு, அச்சுல போயிருந்தா என்ன செய்ய.

கும்பாபிஷேகம் நல்லபடியா நடந்துச்சு. கடம் புறப்பாட்டப்ப சின்னத் தூறல், எல்லாரும் நல்ல சகுனம்னாங்க. சிங்கப்பூர்க்காரரும் நேர்ல வந்தாரு, கடைக்கும் வந்தாரு, என் கம்ப்யூட்டர்லயே அவரு பேரக் காட்டுனேன், பத்திரிகைய எடுத்து அவரு ஃபோன்ல தானே ஒரு தடவ ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டாரு, அப்பறம்தான் டீ குடிச்சாரு.

மண்டலாபிஷேகம் 48 நாளும் முடிஞ்சு, பந்தல் பிரிச்சு, வரவு செலவு கணக்கும் படிச்சாச்சு. லிஸ்டுல திருத்தம் மட்டும் நிக்கல. நேத்து காலைல வாத்தியார் சைக்கிள ஸ்டாண்ட் போட்டுட்டு உள்ள வந்தாரு, "தம்பி, 87ஆவது வரில நடராஜன்னு இருக்குல்ல, அவரு பேருக்குப் பின்னாடி 'குடும்பத்தார்'னு சேக்கணுமாம், அந்தம்மா கோச்சிக்கிட்டு இருக்காங்க." சேத்துட்டேன். திருத்தம் 19.